சீன மொழி பேசுவோர் ‘ஆர் யூ கன்வீனியன்ட் டுமாரோ?’ என்று கேட்பது ஏன் தவறு? மாணவர்களுக்கு எப்படித் திருத்திச் சொல்வது?

பிழை எழுவாயில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நேரம், இடம், ஏற்பாடு, பொருள் இவைதான் கன்வீனியன்ட்டாக இருக்க முடியும். ஆள் இருக்க முடியாது. சீனத்தில் ‘வசதியான’ என்று பொருள்படும் ‘ஃபாங்பியென்’ என்ற சொல்லுக்கு அந்தத் தடை இல்லை. ‘நீ ஃபாங்பியென் மா?’ என்று ஆளை வைத்தே கேட்கலாம் (சீனத்திலும் ‘நீ’ என்றால் நம் ‘நீ’யேதான்).

‘இஸ் டுமாரோ கன்வீனியன்ட் ஃபார் யூ?’ என்று மாற்றச் சொல்லுங்கள். நாள் எழுவாயாக முன்னால் வரும், ஆள் ‘ஃபார்’க்குப் பின்னால் போவார். எழுவாயாக எதுவும் சிக்காவிட்டால் ‘இட்’ போடலாம்: ‘கால் மீ வென் இட்ஸ் கன்வீனியன்ட்’. நாமும் ‘உங்களுக்கு வசதிப்படுமா?’ என்றுதானே கேட்கிறோம்! ‘நீங்கள் வசதியா?’ என்றால் பணத்தைப் பற்றிய கேள்வியாகிவிடும்.

ஆனால் நண்பர்களுக்குள் இந்தத் திருத்திய வாக்கியமும் கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கும். ‘ஆர் யூ ஃப்ரீ டுமாரோ?’ என்பதை முதலில் பழக்குவதே நல்லது. அதில் ஆளே எழுவாய் என்பதால் அவர்களுக்குச் சட்டென்று வரும். அதேபோல் தொலைபேசியில் ‘ஐ ஆம் நாட் கன்வீனியன்ட் டு டாக்’ என்பார்கள். அதற்கு ‘ஐ கான்ட் டாக் ரைட் நவ்’ போதும்.

அடிக்கடி வரும் இன்னொரு வாக்கியம் ‘த டிராஃபிக் இஸ் வெரி கன்வீனியன்ட்’. இங்கே சிக்கல் ‘டிராஃபிக்’கில். சீனத்தில் ‘ஜியாவ்தோங்’ என்ற ஒரே சொல் சாலையில் ஓடும் வண்டிகளையும் பேருந்து, ரயில் வசதியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் டிராஃபிக் என்றால் சாலையில் ஓடும் வண்டிகள்தான். ‘இட்ஸ் ஈஸி டு கெட் அரவுண்ட்’ என்று சொல்லவேண்டும். வீடு ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்றால் பிரிட்டிஷ் வழக்கில் ‘கன்வீனியன்ட் ஃபார் த ஸ்டேஷன்’. அமெரிக்காவில் ‘ஃபார்’ போய் ‘டு’ வரும்.

‘ஃபாங்பியென் மியென்’ இன்ஸ்டன்ட் நூடுல்ஸ். கழிப்பறைக்குப் போவதையும் நாசூக்காக ‘ஃபாங்பியென்’ என்பார்கள். இரண்டிலும் கன்வீனியன்ட்டுக்கு வேலையே இல்லை.

‘ஹவ் கன்வீனியன்ட்!’ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக எச்சரியுங்கள். ஆதாரம் கேட்டதும் ஒருவர் ‘அந்த மெயில் அழிந்துவிட்டது’ என்றால், நம்பாமல் குத்திக்காட்டச் சொல்லும் வாக்கியம் அது. பாராட்டாக நினைத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் புண்படுவார். பாராட்ட வேண்டுமானால் ‘தட்ஸ் ரியலி ஹேண்டி’ என்று சொல்லிக்கொடுங்கள்.