பிள்ளைகள் எல்லாரும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். கிறிஸ்தவளாக இனி என் வாழ்க்கைக்கு என்ன நோக்கம்? இந்த வயதில் புதிதாக எதற்காவது துணிய முடியுமா?

தாராளமாக முடியும். எனக்கு முடிந்தது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேள்வியை வாசித்தால் உங்களுக்கு ஐம்பது தாண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. கடைசிப் பிள்ளையும் வேலைக்கோ கல்யாணமாகியோ போய்ச் சில மாதம் ஆகியிருக்கும். இரண்டு பேருக்கு மட்டும் உலை வைக்கக் கை இன்னும் பழகவில்லை, சோறு மிஞ்சிப்போகிறது. மகன் வாட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தான் என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறீர்கள். ஆலயத்தில் யாரிடமாவது மனம் விட்டுச் சொன்னால், "பிள்ளைகளைக் கரையேத்திட்டீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். ஸ்தோத்திரம் சொல்லத்தான் செய்கிறோம். சொல்லிவிட்டு அழுதாலும் அது அவிசுவாசம் ஆகிவிடாது என்பதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் மகள் ஓசூரில் இருக்கிறாள், மகன் மஸ்கட்டில். இருவரும் போனபின் வேதாகமத்தில் நான் அதிகம் வாசித்தது சாமுவேலின் தாய் அன்னாளைப் பற்றி. பிள்ளையை ஆலயத்தில் விட்டுவிட்டு வந்தவள், வருஷந்தோறும் பலியிட வரும்போது ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவருவாள் என்று இருக்கிறது. பக்கத்தில் இல்லாத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்குப் போட்டு வெட்டித் தைத்திருப்பாள் அல்லவா? அந்தச் சட்டையைப் பற்றி எல்லாப் பிரசங்கியாரும் பேசுவார்கள். ஆனால் ஒரு சட்டை தைக்க எத்தனை நாள் ஆகும்? மீதி வருஷம் முழுக்க அவள் என்ன செய்தாள் என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. அவளுக்குப் பிறகு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தார்கள், வேலைக்குக் குறைவிருந்திருக்காது. நமக்கு அப்படி இல்லையே.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், வேறு பிள்ளைகளுக்கு அம்மாவாக இருங்கள் என்பது. ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுங்கள், ஓய்வுநாள் பாடசாலையில் சேருங்கள், விபிஎஸ் என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துங்கள் என்பார்கள். அதைச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். எனக்கு அது சரிப்படவில்லை, அவ்வளவுதான். போன பிள்ளைகளின் இடத்தில் வேறு பிள்ளைகளை உட்கார வைத்து, அதே சாப்பாட்டை ஊட்டி, அதே அறிவுரையைச் சொல்வதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அம்மாவாக இருப்பது எனக்குத் தெரிந்த வேலை. நீங்கள் கேட்பது துணிச்சலைப் பற்றி. தெரியாத வேலையில், யாரிடமாவது மாணவியாகப் போய் உட்காருங்கள் என்பதுதான் என் பதில்.

நான் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். இந்த ஊரில் பார்வையில்லாத மாணவர்களைத் தெருவில் தினமும் பார்க்கலாம். 1890-ல் ஆஸ்க்வித் அம்மாள் என்ற மிஷனெரி இங்கே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். பிறந்ததிலிருந்து அந்த வெள்ளைக் கோல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான், ஆனால் அவர்களில் ஒருவரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. ஒரு ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போது, கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருத்திக்குச் செமஸ்டர் தேர்வு எழுதிக்கொடுக்க ஆள் தேவை என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். ஸ்க்ரைப் என்பார்கள். அவள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். யாரும் கை தூக்கவில்லை. தூக்காததில் தப்பும் இல்லை, தேர்வு வேலைநாளில் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் இளம்பிள்ளைகள் கல்லூரியில் இருப்பார்கள், நடுவயதுக்காரர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். வேலைநாள் காலை பத்து மணிக்குச் சும்மா இருப்பது யார்? நம்மைப் போல வீடு காலியானவர்கள்தான். எனக்கு நோக்கம் கிடைத்தது இப்படி நேரப்பட்டியலில்தான், தரிசனத்தில் இல்லை.

இதில் ஒரு விஷயம் உங்களுக்கு உபயோகப்படும். ஸ்க்ரைபை மாணவியே அழைத்துப் போவதென்றால், ஸ்க்ரைபின் படிப்பு மாணவியின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறியில் இருந்தது. நான் பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்டவள். நன்றாகப் படித்தேன், கல்லூரிக்கு விண்ணப்பமும் வாங்கியாயிற்று, அப்பா வரன் பார்த்துவிட்டார். அந்தச் சான்றிதழை இத்தனை வருஷம் பீரோவில் அடியில் வைத்திருந்தேன். பி.ஏ. மாணவிக்கு எழுத அதுதான் சரியான தகுதி என்று கல்லூரி அலுவலகத்தில் நகல் வாங்கிக்கொண்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தேர்வு தனி அறையில் நடக்கும், மேற்பார்வைக்கு ஒருவர் இருப்பார். மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு, அதனால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகும். அந்த நான்கு மணி நேரமும் கேள்வியை வாசிப்பதைத் தவிர உங்கள் பங்குக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது. "யோசிச்சுப் பாரு" என்றுகூடச் சொல்லக்கூடாது. பெற்றெடுத்து, மடியில் போட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுப்பாடம் திருத்தி வளர்த்தவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு வரலாற்றுத் தேர்வில் அவள் வேலூர்ப் புரட்சி நடந்தது 1805 என்றாள். 1806 என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றால், அந்தப் பாடத்தை நான்தான் அவளுக்கு ஃபோனில் வாசித்துப் பதிவு செய்து கொடுத்திருந்தேன். பேனா தாளில் நின்றுவிட்டது. அவளுக்கு எழுதும் சத்தம் நின்றது கேட்டிருக்க வேண்டும், தலையை லேசாக என் பக்கம் திருப்பினாள். நான் தயங்குகிறேன் என்று தெரிந்தாலே அது குறிப்புக் கொடுத்த மாதிரி. 1805 என்று எழுதினேன். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். வெளியே வந்து கோலை விரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, அது ஆறுல்ல?" என்றாள். ஆமா என்றேன். "சரி, போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் வருகிறதா பார்க்கச் சொன்னாள்.

அந்த வாரம்தான் மகன் அழைத்து, இருந்த கம்பெனியை விட்டு வேறொன்றுக்கு மாறப்போவதாகச் சொன்னான். எனக்கு அதில் சம்மதமில்லை. எந்தத் தேதியில் சேருகிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஜெபித்துக்கொள்கிறேன் என்றேன்.

தேர்வோடு நிற்கவில்லை. பாடங்களைப் பதிவு செய்து கொடுக்க ஆரம்பித்தேன். ஃபோனே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும் காலமாயிற்றே என்பீர்கள். பிள்ளைகள் கையில் இருப்பது பாதி ஜெராக்ஸ் நோட்ஸ், அதைப் படம் பிடித்த பிடிஎஃப். அதைக் கொடுத்தால் ஃபோன் திணறிவிடும். அதனால் பால்காரர் வருவதற்கு முன், தெரு ஓய்ந்திருக்கும்போது எழுந்து வாசிக்கிறேன். பக்க எண் சொல்ல வேண்டும், மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டும், வரைபடம் இருந்தால் விவரிக்க வேண்டும். தென்னிந்திய வரைபடத்தைக் கண் தெரியாத ஒருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள், காவேரி எங்கே பிறந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நமக்கே அன்றைக்குத்தான் சரியாகத் தெரியும்.

அப்புறம் பிரெயில், பார்வையில்லாதவர்கள் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்து. அதைக் கற்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, ஆசைதான். எனக்குச் சொல்லிக்கொடுப்பவள் பி.எட். படிக்கும் பெண், என் மகளைவிடச் சின்னவள், பிறவியிலேயே பார்வை இல்லை. நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். இரண்டு தகடு கீல் போட்டு இணைத்த ஸ்லேட், நடுவே தடித்த தாள், மரப்பிடி வைத்த ஊசி. வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும், ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி. பிறகு தாளைப் புரட்டினால் மேடு எழும்பி இடமிருந்து வலமாக வாசிக்க வரும். எல்லாமே ஆறு புள்ளிகளுக்குள். அ என்பதற்கு ஒரே புள்ளி. மெய்யெழுத்துக்கு நாம் தலைமேல் வைக்கும் புள்ளி, இதில் எழுத்துக்கு முன்னாலேயே தனிக் கட்டமாக வந்து நிற்கும். முதலில் அம்மா என்று எழுதினேன். டீச்சர் அதன்மேல் விரலை ஓட்டிவிட்டு, "ரெண்டாவது ம அழுத்தம் பத்தல" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் என் எழுத்தைத் திருத்தும்போது மேலெல்லாம் சிலிர்த்தது. பிள்ளைகள் போனபின் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. ஆசை என்னவென்றால், ஒரு சங்கீதத்தை முழுசாக நானே குத்தி, அதை டீச்சர் ஆராதனையில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

சொல்லும்போதே ஒன்று நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் போகும் ஆலயத்தில் மின்விசிறியின் இறக்கையில் பெயர், பெஞ்சு முதுகில் பெயர், சுவர்க் கடிகாரத்தில் பெயர், டியூப் லைட் பட்டியில்கூட இன்னார் நினைவாக இன்னார் அன்பளிப்பு என்று எழுதியிருக்கிறது. போன பண்டிகைக்கு வாசலில் கிரானைட் போட்டார்கள். அதில் மழைத்தண்ணீர் பட்டால் நமக்கே வழுக்கும், கோல் ஊன்றி வருகிறவர்கள் கதி என்ன? பக்கவாட்டில் ஒரு சரிவுப்பாதையும் கைப்பிடியும் வைக்கலாமே என்று கேட்டேன். கமிட்டியில் வைக்கிறோம் என்றார்கள். வைத்தார்களா என்று தெரியாது, ஏனென்றால் அந்தக் கமிட்டியில் பெண்களின் குரல் எடுபடாது. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வெங்காயம் உரிக்கவும், கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்குக் காபி போடவும் மட்டும் நம்மைத் தேடி வருவார்கள். அசன வேலையை நான் இளப்பமாகச் சொல்லவில்லை, இன்னமும் முதல் ஆளாகப் போய் உட்காருகிறேன். ஆனால் கைப்பிடியில் பெயர் எழுத இடம் இருக்காது என்பதால்தான் அதற்கு அன்பளிப்பு தர ஆள் வரவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி. இது சமூக சேவைதானே, இதில் ஊழியம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் வருவார்கள். நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். தேர்வு அறையில் வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் நான் யாருக்குச் சுவிசேஷம் சொல்ல? அந்த மாணவிகளில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள், அவர்கள் பலவீனத்தைச் சாக்காக வைத்து எதுவும் பேசக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது அவள் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன். அவள் சொன்னதை, சொன்னபடி, அழகான கையெழுத்தில் எழுதுவேன். உண்மையாய் எழுதுவது கர்த்தருக்குச் செய்வதாக எனக்குத் தெரிகிறது, வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

கணவர் பென்ஷன் வாங்குவதால் நீ இப்படி இருக்கலாம் என்பவர்களுக்கும் ஒன்று. இதற்குச் செலவே கிடையாது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மகள் பிரசவத்துக்கு ஓசூரில் போய் இருந்து எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கூப்பிட்டால் இனியும் போவேன். கூப்பிடும்வரை பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டேன் என்கிறேன்.

வேதாகமத்தில், எண்பத்தைந்து வயதில் காலேப் தன் ஜனத்தின் தலைவன் யோசுவாவிடம் போய், அந்த மலைநாட்டை எனக்குத் தாரும் என்று கேட்டான். அங்கே ஏனாக்கியர் என்னும் இராட்சதர்கள் இருக்கிறார்கள், பட்டணங்கள் அரணானவை என்று அவனே சொல்லிவிட்டுத்தான் கேட்கிறான். நீங்களும் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது என்னுடையது போல இருக்க வேண்டும் என்றில்லை. சைகை மொழி இருக்கிறது, படுக்கையில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி இருக்கிறது. தேர்வு எழுதிக்கொடுப்பதில் விருப்பம் வந்தால், பெரும்பாலும் நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு வரும். ஒரு மாதம் முன்னதாகவே பக்கத்துக் கல்லூரிக்குப் போய், பார்வையற்ற மாணவர்கள் இருக்கிறார்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஆதாரும் கடைசியாகப் படித்த படிப்பின் மதிப்பெண் பட்டியலும் நகல் எடுத்துப் போங்கள். கையெழுத்து கொஞ்சம் தேய்ந்திருக்கும், அதற்குள் தினமும் இரண்டு பக்கம் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். நான் நீதிமொழிகளைப் பார்த்து எழுதினேன்.