அம்மாவின் கால் தோலும் கனடாச் சுடுதண்ணீரும்

தம்பி, நீங்கள் கேட்டது நான்கு கேள்வி. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கார்த்திகையில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்திறங்கினோம், 66 வயது அம்மா இரவிரவாகக் காலைச் சொறிகிறார், என்ன கிறீம் பூசலாம், எந்தப் பக்கம் வாடகை குறைவு, லைசென்ஸ் எடுப்பது எப்படி, நல்ல ஜாக்கெட் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் லைசென்ஸுக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். நான் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் 1998 தையில் என் அம்மாவோடு ஒரு பேஸ்மென்ற் அறைக்கு வந்தபோது இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது விடுமுறைக்கு வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில் நிற்கிறேன். காலையில் பல்கனியில் விரித்த துவாய் மத்தியானமும் ஈரமாகவே கிடக்கிறது, கடல் காற்றில் அவ்வளவு தண்ணீர். ஸ்காபரோவில் ஹீற்றர் போட்ட அறையில் அதே துவாய் ஒரே இரவில் அப்பளம்போல் விறைத்துவிடும். அம்மாவின் காலுக்கும் அதுதான் நடக்கிறது. வயது போகப் போகத் தோலில் எண்ணெய் சுரப்பது குறையும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றபிறகு இன்னும் குறையும். ஈரத்தைப் பிடித்துவைக்க உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

என் அம்மா ஊர்ப் பழக்கத்தில் நாளுக்கு இரண்டு தரம் குளித்தார். ஆவி பறக்கும் தண்ணீர், அரை மணித்தியாலம், உடம்பு முழுக்கச் சவர்க்காரம், பிறகு பீர்க்கங்காய்க் கூட்டால் தேய்ப்பு. பத்து நிமிடம் சுகமாக இருக்கும், பிறகு கடி, அதாவது அரிப்பு, இரண்டு மடங்காகும். கறுப்புக் காலுறையைப் புரட்டிப் போட்டால் உள்ளே மா தூவியதுபோல வெள்ளையாக இருக்கும். குளிரைத் திட்டிக்கொண்டே நான் இன்னும் சூடாகத் தண்ணீர் திறந்துவிட்டேன், அது என் பிழை.

அடுத்தது சூட்கேஸ் மருந்து. தெரிந்த ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த டியூப் ஒன்று தந்தார். இரண்டு நாளில் கடி நின்றது, அதனால் மூன்று மாதம் பூசினோம். அது ஸ்டீரொயிட், அழற்சியை அடக்கும் பலமான மருந்து. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, கதிரையில் லேசாக இடித்தாலே நீலம் பாரித்தது. டொக்டர் எக்ஸிமா என்ற தோல் அழற்சிக்குக் கொஞ்ச நாள் பூசச் சொன்னால் அது வேறு கதை. எங்கள் ஆட்கள் அப்படியா செய்கிறார்கள்? பெயர்கூடப் படிக்காமல் டசின் கணக்கில் கொண்டுவந்து பங்கிடுகிறார்கள், கேட்டால் 'ஊரில் எல்லாரும் பூசுவதுதானே' என்பார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு குளிப்பு, இளஞ்சூட்டில், பத்து நிமிடத்துக்குள். சவர்க்காரம் அக்குளுக்கும் கீழ்ப்பகுதிக்கும் பாதத்துக்கும் போதும். துவாயால் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் கிறீமைப் பூசவேண்டும். பம்பில் வரும் தண்ணிப் பதமான லோஷன் வேண்டாம், டப்பாவில் வரும் தடித்த கிறீம் வாங்குங்கள். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ', அதாவது வாசனை சேர்க்காதது, என்று இருக்கவேண்டும். 'அன்சென்டட்' (மணமற்றது) என்றால் மணத்தை மறைக்க வேறொரு மணம் சேர்த்திருக்கலாம். கால் தடித்துச் செதில் விட்டிருந்தால் செதிலை இளக்கும் யூரியா 10 வீதம் உள்ள கிறீம் நல்லது, வெடித்த இடத்தில் மட்டும் பூசவேண்டாம், எரியும். காசு இறுக்கமென்றால் சாதாரண வாஸ்லினே போதும், இரவில் பூசிப் பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள். ஆனால் பிசுக்குப் பிடித்த உடுப்போடு சாமி விளக்கருகே போகவிடாதீர்கள், அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கும். குளிக்கும் தொட்டியில் எண்ணெய் கலக்கவும் வேண்டாம், அம்மா வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அறையின் ஈரப்பதத்தைப் பார்க்கச் சின்னக் கருவி விற்கிறது. 30 வீதத்துக்குக் கீழே போனால் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வாங்குங்கள், ஜாக்கெட்டுக்கு முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

எனக்கும் இப்போது 61. குசினித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா, கட்டிலடியில் ஒன்று. இருபத்தைந்துக்கு மேற்பட்ட பனிக்காலம் பார்த்த கால் இது, ஒரு வெடிப்பும் இல்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இன்றிரவே காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள். வெடிப்புக்குள் சிவப்பு தெரிந்தாலோ நீர் கசிந்தாலோ, அல்லது இரண்டு கிழமை ஒழுங்காகப் பூசியும் உடம்பெல்லாம் கடி நிற்காவிட்டாலோ, கிறீம் கடைக்குப் போகாமல் டொக்டரிடம் போங்கள். சிறுநீரகம், ஈரல், தைரொயிட் கோளாறுகளும் கடியாகத்தான் முதலில் தெரியலாம்.