நான்காம் லுட்விக்கின் வம்சாவளி: பிழை நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியை ஆண்ட நான்காம் லுட்விக் 1227 செப்டம்பர் 11 அன்று இறந்ததாகவும், மகள் கெர்ட்ரூட் அதே மாதம் 29 அன்று பிறந்ததாகவும் உங்கள் வம்சாவளிப் படத்தில் இருப்பதால், இரண்டில் ஒரு தேதி தவறாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரியே. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் சிலுவைப் போருக்காக அவ்வாண்டுக் கோடையில் புறப்பட்ட லுட்விக், புனித பூமியை எட்டாமலேயே தென் இத்தாலியின் ஒட்ராண்டோவில் காய்ச்சலால் மாண்டபோது, இருபது வயது மனைவி எலிசபெத் (பிற்காலத்தில் புனிதராக அறிவிக்கப்பட்டவர்) ஊரில் நிறைமாதக் கர்ப்பிணி.

உண்மையான பிழை பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. ஹைன்ரிஷ் ராஸ்பேயை லுட்விக்கின் மகனாக வரைந்திருக்கிறீர்கள்; அவர் தம்பி. லுட்விக்கின் ஒரே மகனான ஹெர்மான் தந்தையை இழந்தபோது ஐந்து வயதுச் சிறுவன் என்பதால் ஆட்சி சித்தப்பாவின் கைக்குப் போயிற்று. ஹெர்மான் 1241இல் பிள்ளையின்றி இறந்தார், ராஸ்பேயும் 1247இல் வாரிசின்றி இறந்தார். அதன்பின் லுட்விக்கின் மூத்த மகள் சோஃபி, பிராபான்ட் கோமகன் இரண்டாம் ஹென்றிக்குத் தாம் பெற்ற, மூன்று வயதுகூட நிறையாத மகன் ஹைன்ரிஷுக்காக உரிமை கோரினார். 1264இல் முடிந்த அந்த வாரிசுப் போரில் குடும்ப ஆட்சிப் பரப்பின் மேற்குப் பகுதியான ஹெஸ்ஸே சோஃபியின் மகனுக்கும், துரிங்கியா லுட்விக்கின் மாற்றாந்தாய் வழிச் சகோதரி யூட்டாவின் மகனும் மைசன் பகுதியை ஆண்டவருமான ஹைன்ரிஷுக்கும் சேர்ந்தன. ஆகவே இந்தக் கடைசி இரண்டு ஹைன்ரிஷ்களையும் தனித்தனிக் கிளைகளில் வையுங்கள். கெர்ட்ரூட் வெட்ஸ்லார் அருகிலுள்ள ஆல்டன்பெர்க் கன்னியர் மடத்துக்குத் தலைவியானவர் என்பதால், அவருக்குக் கீழே கோடு வேண்டாம்.