சக்கரத்தைக் கழற்றினால் படகு

அன்புள்ள ஐயா,

வட அமெரிக்காவின் சிவப்பாற்றுச் (Red River) சமவெளி பற்றிய உங்கள் கட்டுரையில், மாட்டுவண்டியையே மிதக்கவிட்டு ஆற்றைக் கடந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. கொஞ்சம் மிகையோ? அப்புறம், ஆறுதான் கனடாவின் வினிபெக் வரை போகிறதே, அமெரிக்காவின் செயின்ட் பாலுக்கும் வினிபெக்குக்கும் இடையே ஏன் வாரக்கணக்கில் வண்டி கட்டினார்கள்? படகிலேயே போயிருக்கலாமே.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மிகையில்லை, சுருக்கிச் சொல்லிவிட்டேன், அதுதான் தப்பு. அந்த வண்டியில் இரும்பே கிடையாது. அச்சு, குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். இறுக்கிக் கட்ட அமெரிக்கக் காட்டெருமைத்தோல் வார், ஈரத்தில் கட்டினால் காய்ந்ததும் இரும்புப் பட்டா மாதிரி பிடித்துக்கொள்ளும். ஆறு குறுக்கிட்டால் ஆளுயரச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வண்டிக்கு அடியில் கட்டி, மேலே தோலைச் சுற்றினால் தெப்பம் தயார். அச்சு முறிந்தால் கரையோர மரத்தில் ஒன்று வெட்டிக்கொள்வார்கள். மசகு மட்டும் போட மாட்டார்கள், போட்டால் புல்வெளிப் புழுதி ஒட்டி அச்சையே அரைத்துவிடும். அதனால் வண்டி போட்ட கூச்சல் பல மைல் கேட்குமாம். நூறு வண்டி வரிசையாக வந்தால் எப்படி இருந்திருக்கும்!

இதை ஓட்டியவர்கள் பெரும்பாலும் மெட்டி மக்கள் (கால்விரல் மெட்டி இல்லை, பிரெஞ்சு, ஸ்காட்டிஷ் வியாபாரிகளுக்கும் கிரீ, ஒஜிப்வே பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்த வம்சம்).

சரி, படகு. செயின்ட் பால் இருப்பது மிசிசிப்பிக் கரையில், அது தெற்கே ஓடுகிறது. சிவப்பாறு வடக்கே ஓடி வினிபெக் ஏரியில் விழுகிறது. இரண்டும் சேரவே இல்லை. அதிலும் வடக்கே ஓடும் ஆற்றுக்கு ஒரு வம்பு உண்டு: வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகிவிடும், வடக்கே இன்னும் உறைந்தே கிடக்கும், வந்த தண்ணீர் போக வழியில்லாமல் தட்டு மாதிரியான சமவெளியில் பரவும். கோடை முடியும்போதோ பல இடங்களில் மணல் தட்டும்.

ஆனாலும் வியாபாரிகள் விடுவார்களா? சிவப்பாற்றில் முதலில் நீராவிக் கப்பல் விடுபவருக்குப் பரிசு என்று செயின்ட் பால்காரர்கள் அறிவித்தார்கள். ஆன்சன் நார்த்தப் என்பவர் மிசிசிப்பியின் மேற்பகுதியில் தன் கப்பலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடுக்குளிரில் மாடுகளும் குதிரைகளும் பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி, கொதிகலன் உட்பட நிலத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு போய், சிவப்பாற்றங்கரையில் திரும்பப் பூட்டினார். 1859 ஜூனில் அது கேரி கோட்டையை, அதாவது இன்றைய வினிபெக்கை எட்டியது. ஆக, கப்பலே அங்கே வண்டியில்தான் வந்தது!

1877 அக்டோபரில் வினிபெக்குக்கு முதல் ரயில் எஞ்சின் வந்தபோது அங்கே போய்ச் சேரத் தண்டவாளம் இல்லை. தட்டைப்படகில் ஏற்றி, 'செல்கிர்க்' என்ற நீராவிக் கப்பல் அதை ஆற்றோடு தள்ளிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் செயின்ட் பாலோடு தண்டவாளம் இணைந்தது, கப்பலுக்கு வரும் சரக்கு குறைய ஆரம்பித்தது.

அன்புடன்.