ஓஎல்இடியா, எல்இடியா? திருகோணமலை வாசகர்களின் டிவி சந்தேகங்கள்

டிவி வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் ஹோலில் யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பலவற்றுக்கும் அந்த யன்னலில்தான் பதில் இருக்கிறது. மிச்சத்துக்கு உப்புக் காற்றும் மின்னலும் காரணம்.

உவர்மலையில் வீடு. ஹோலில் கடலைப் பார்த்தபடி இரண்டு பெரிய யன்னல்கள். 55 அங்குல ஓஎல்இடி வாங்க ஆசை. கடையில் பார்த்தபோது படம் கண்ணைப் பறித்தது. மாமா எல்இடி போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

இந்த வீட்டுக்கு மாமா சொல்வதுதான் சரி.

ஓஎல்இடியின் அழகு முழுவதும் அதன் கறுப்பில் இருக்கிறது. 4கே திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உண்டு. ஓஎல்இடியில் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிவிடும், தானே அணையும். இரவு வானம் காட்டும்போது நட்சத்திரம் உள்ள புள்ளி மட்டும் எரியும், பக்கத்துப் புள்ளி முழுதாக அணைந்திருக்கும். எல்இடி டிவியில் அப்படி இல்லை. அதில் படம் காட்டுவது எல்சிடி திரை, அதற்குப் பின்னால் எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். கறுப்பு காட்டச் சொன்னாலும் பின்னால் உள்ள வெளிச்சம் கொஞ்சம் கசியும். அதனால் கறுப்பு, கரும் சாம்பலாகத்தான் தெரியும்.

ஆனால் இந்த வித்தியாசம் அறை இருட்டாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். காலையில் கடலில் பட்டு வரும் வெளிச்சம் உங்கள் ஹோலுக்குள் விழும்போது, திரையின் கறுப்பைத் தீர்மானிப்பது திரையில் தெறிக்கும் அந்த வெளிச்சம். அந்த நேரத்தில் உங்களுக்குத் தேவை பிரகாசம். அதைக் குறைந்த விலையில் தருவது எல்இடி. சில வகை ஓஎல்இடிகளில் பகல் வெளிச்சம் பட்டால் கறுப்பு இலேசான ஊதாச் சாம்பலாக வெளிறுவதும் உண்டு.

வாங்க முன்னர் ஒன்று செய்து பாருங்கள். காலை பத்து மணிக்கு இப்போதுள்ள டிவியை அணைத்துவிட்டு, வழமையாக இருக்கும் கதிரையில் இருந்தபடி அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பாருங்கள். யன்னல் கம்பிகளை அதில் ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது என்றால், எவ்வளவு விலையான டிவியை அங்கே வைத்தாலும் அந்தக் கம்பிகள் படத்துக்கு மேலே நிற்கும். முதலில் டிவியை யன்னலுக்கு நேரெதிரே இல்லாத சுவருக்கு மாற்றுங்கள். யன்னல் பக்கவாட்டில் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. தடித்த திரைச்சீலை ஒன்று போட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் மினி எல்இடி ஒன்றைப் பாருங்கள். இதில் பின்விளக்குகள் மிகச் சிறியவையாக, நிறைய இருக்கும். பகுதி பகுதியாக மங்கவும் அணையவும் செய்யும் என்பதால் கறுப்பும் ஓரளவு நன்றாக வரும். இருட்டில் வெள்ளை எழுத்தைச் சுற்றி இலேசான ஒளிவட்டம் தெரியலாம். பகலில் அது தெரியாது.

கடையில் கண்ணைப் பறித்த படத்தை நம்ப வேண்டாம். அங்கே டிவியைப் பளிச்சென்று காட்டும் அமைப்பில் விட்டு, அதற்கென்றே எடுத்த வீடியோவை ஓட்டுவார்கள். படம் பார்க்கும் அமைப்புக்கு மாற்றச் சொல்லி, நீங்கள் வீட்டில் பார்க்கும் கிரிக்கெட் ஆட்டத்தையோ நாடகத்தையோ போடச் சொல்லுங்கள். கிரிக்கெட் போட்டால் புல்வெளியைக் கவனியுங்கள். கமரா பந்தின் பின்னால் ஓடும்போது பச்சையில் அழுக்குத் திட்டுகள் போல நிழல் தெரிந்தால் அந்த எல்இடி திரை நல்லதல்ல. அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கியூஎல்இடியும் ஓஎல்இடியும் ஒன்றுதான் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா? (பாலையூற்று)

இல்லை. கியூஎல்இடி என்பது எல்இடி டிவியேதான். பின்விளக்குக்கும் திரைக்கும் நடுவில் குவாண்டம் டொட் எனும் நுண்துகள் படலம் ஒன்று இருக்கும். அதனால் நிறம் செழுமையாக வரும். கறுப்பு ஓஎல்இடியைப் போல வராது. பெயரில் ஓர் எழுத்துத்தானே வித்தியாசம் என்று ஓஎல்இடி விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணா தன்னுடைய ஓஎல்இடியைக் கப்பலில் அனுப்புகிறேன் என்கிறார். இங்கே வேலை செய்யுமா? (அன்புவழிபுரம்)

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. அண்ணாவின் அன்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி கட்ட முன்னர் டிவியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் '100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்' என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் ஓடும். '120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் நேரே செருகவே கூடாது, செருகிய கணத்திலேயே பவர் போர்ட் எனும் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகை போய்விடும். ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தான். அது சூடாகும், இரையும், என்றைக்காவது ஒரு நாள் யாராவது மறந்துபோய்ச் சுவர் பிளக்கில் நேரே போட்டுவிடுவார்கள்.

அடுத்தது அன்டெனா. வட அமெரிக்க டிவிக்குள் இருக்கும் டியூனர் அந்த நாட்டு ஒளிபரப்புக்கானது. நம் ஊரில் இன்னும் வருகிற பால் (PAL) எனும் ஒளிபரப்பு முறை அலைவரிசைகளை அது பிடிக்காது. கூரையில் அன்டெனா வைத்து ரூபவாஹினியும் வசந்தமும் பார்க்கிற வீடு என்றால் ஏமாற்றம்தான். டிஷ் பெட்டியையோ பியோ டிவி பெட்டியையோ எச்டிஎம்ஐ வயரில் கொடுத்தால் பெரும்பாலும் வரும். படம் வராமல் அடம்பிடித்தால் அந்தப் பெட்டியின் அமைப்பில் 50 ஹேர்ட்ஸை 60க்கு மாற்றிப் பாருங்கள்.

கனடாவில் கொடுத்த உத்தரவாதம் இங்கே செல்லாது. ஓஎல்இடி திரை மிக மெல்லியது. கப்பலில் படுக்கவைத்து மேலே ஒரு பெட்டியை ஏற்றினால் திரை வெடித்துத்தான் வந்து சேரும். அந்தத் திரையை மாற்றும் காசுக்கு இங்கே புதிதாக ஒரு டிவியே வாங்கிவிடலாம். அண்ணாவிடம் பணமாக அனுப்பச் சொல்லி, இங்கே உத்தரவாதத்தோடு வாங்குவதுதான் என் யோசனை.

மகன் கத்தாரில். அங்கே வாங்கி வரலாமா? (கிண்ணியா)

வோல்ட்டேஜும் பிளக்கும் பிரச்சினை இல்லை. அங்கும் சதுரக் கால் மூன்று உள்ள பிளக்தான். பழைய வட்டக்கால் சொக்கற் உள்ள வீடு என்றால் அடப்டரை நம்பாமல் சொக்கற்றையே மாற்றிவிடுங்கள், எர்த் சரியாகக் கிடைக்கும். வாங்க முன்னர் மொடல் இலக்கத்தைச் சொல்லி, அதே மொடலை இலங்கை முகவர் திருத்தித் தருவாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் விலைக் குறைவை நினைத்து ஆசைப்பட வேண்டாம்.

நிலாவெளியில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. எந்த டிவியும் சில வருடங்களுக்கு மேல் நிற்பதில்லை. உப்புக் காற்றுக்கு ஓஎல்இடி தாங்குமா, எல்இடி தாங்குமா?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. உங்கள் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் டிவிகளைக் கழற்றினால் உள்ளே போர்ட்டின் செப்புக் கோடுகள் பச்சை பிடித்திருக்கும். எச்டிஎம்ஐ வாய்களில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் நின்ற இடத்தில் கரண்ட் கசியும், செப்பு அரிக்கும்.

ஓஎல்இடியின் ஒளிதரும் படலம் ஈரத்துக்கு மிகவும் பயந்தது. அதனாலேயே தொழிற்சாலையில் அதைக் காற்றுப் புகாமல் அடைத்துத்தான் தருகிறார்கள். ஆகவே கடற்காற்று கெடுப்பது திரையை விடப் பின்னால் உள்ள போர்ட்டுகளைத்தான். போர்ட்டுகள் இரண்டு வகையிலும் ஒரே மாதிரி அரிக்கும். வித்தியாசம் பழுது பார்க்கும்போது வரும். எல்இடிக்குப் போர்ட்டும் பின்விளக்குப் பட்டியும் தேடினால் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஓஎல்இடியில் திரைக்கு ஒன்று வந்தால் திரையையே மாற்ற வேண்டும். கடற்கரை வீட்டுக்கு நான் எல்இடி என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

எதை வாங்கினாலும் கடல் பக்க யன்னலிலிருந்து காற்று நேரே அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். சுவரில் மாட்டினால் பின்னால் காற்றோட இடைவெளி விடுங்கள், ஆணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மாரி காலத்தில் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே உள்ள ஈரம் காயும். கிழமைக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டு டிவிதான் சீக்கிரம் கெடுகிறது. பொலித்தீன் போட்டு மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். துணி போதும், அதையும் டிவி ஆறிய பிறகு போடுங்கள்.

திரையைத் துடைக்கும்போது கவனம். படிந்திருப்பது வெறும் தூசி இல்லை, உப்பும் மணலும் கலந்தது. அழுத்தித் தேய்த்தால் கீறும். முதலில் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் இலேசாக நனைத்த மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டவே வேண்டாம்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேர வெயில் காய்ச்சும் மேற்குச் சுவரில் ஓஎல்இடியை மாட்டுவதும் நல்லதல்ல. சூட்டில் அந்தப் படலம் வேகமாகத் தேயும்.

மின்னல் என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். ஓஎல்இடியை பிளக்கில் இருந்து கழற்றக் கூடாது என்கிறார்களே? (சாம்பல்தீவு)

மின்னலுக்குக் கட்டாயம் கழற்றுங்கள். பவர் வயரை மட்டும் கழற்றினால் போதாது. அன்டெனா வயர், டிஷ் வயர், இணைய வயர் மூன்றும் மின்னலுக்கு வழிதான். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கருகி வரும் டிவிகளில் பலவற்றுக்கு அன்டெனா வயர் வழியாகத்தான் அடி விழுந்திருக்கும்.

கழற்றக் கூடாது என்பது சாதாரண நாட்களுக்கான பேச்சு. மொத்தமாக நான்கு மணி நேரம் போலப் பார்த்த பிறகு ரிமோட்டில் அணைத்தால், ஓஎல்இடி சில நிமிடங்கள் தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது. சுவர் சுவிட்சை உடனே அணைத்தால் அந்த வேலை நடக்காது, நாளடைவில் திரையில் கோடும் தழும்பும் தெரியத் தொடங்கும். சரி, அதற்காக இடி முழங்கும்போது செருகி வைக்காதீர்கள். அடுத்த நாள் அது அந்த வேலையைச் செய்துகொள்ளும்.

கரண்ட் போய் வரும்போதும் கவனம். குறைந்த வோல்ட்டேஜை இந்தக் காலத்து டிவிகள் தாங்கும். கரண்ட் திரும்பி வரும் கணத்தில் பாயும் அதிக வோல்ட்டேஜ்தான் கொல்லும். கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

43 அங்குல எல்இடி. சத்தம் வருகிறது, படம் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு ஓஎல்இடி வாங்கவா? (தம்பலகாமம்)

பொறுங்கள். டிவியைப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டோர்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். ஆட்களின் முகமோ எழுத்தோ மங்கலாக அசைவது தெரிந்தால் திரை நன்றாகத்தான் இருக்கிறது, பின்விளக்குத்தான் போயிருக்கிறது. பின்விளக்குகளைத் தொடராகப் பூட்டியிருப்பார்கள். ஒன்று போனால் முழு வரிசையும் அணையும்.

திருத்தும்போது போன விளக்கை மட்டும் மாற்றாமல் பட்டிகளை முழுச் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். பழையது ஒன்றை விட்டால் அடுத்த மாதம் அது போகும். திருத்தி வந்ததும் பின்விளக்கு அளவை நூறில் வைக்காமல் அறுபது, எழுபதுக்குக் குறையுங்கள். வீட்டில் கழற்ற முயல வேண்டாம், திரைக் கண்ணாடி கையோடு வரும்.

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி. வரவேற்பறையில் ஓஎல்இடி வைத்தால் வெள்ளைக்காரர்கள் விரும்புவார்கள் அல்லவா?

வேண்டாம். நாள் முழுக்க ஒரே செய்தி அலைவரிசை ஓடும் இடம் அது. மூலையில் நிற்கும் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் அந்த இடத்துப் புள்ளிகளை மற்றவற்றை விட வேகமாகத் தேய்க்கும். பிறகு என்ன படம் போட்டாலும் அந்த நிழல் அங்கேயே நிற்கும். திரைத் தழும்பு என்பது இதைத்தான், அது திருத்த முடியாத பழுது. வீட்டில் ஒருநாள் ஆட்டத்தை முழுக்கப் பார்ப்பதால் இது வராது, மாதக்கணக்கில் ஒரே சின்னம் நிற்பதால்தான் வரும்.

எது கரண்ட் குறைவாக எடுக்கும்? (முள்ளிப்பொத்தானை)

ஒரே அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓஎல்இடி இருண்ட காட்சியில் குறைவாகவும், வெள்ளைத் திரையில் கூடுதலாகவும் எடுக்கும். 100 வாட் டிவியை தினம் ஐந்து மணி நேரம் பார்த்தால் மாதம் 15 அலகு. 60 அலகுக்குள் நிற்கப் பார்க்கும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. கடை அமைப்பிலேயே வீட்டுக்கு வந்த டிவி என்றால் முதலில் வீட்டு அமைப்புக்கு மாற்றுங்கள், கரண்ட் குறையும்.

நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு பழைய படங்கள் பார்ப்போம். அறைக்கு ஒரே ஒரு சின்ன யன்னல். பிள்ளைகள் எதை வேண்டுமென்றாலும் வாங்கச் சொல்கிறார்கள். (மனையாவெளி)

ஐயா, நீங்கள் தாராளமாக ஓஎல்இடி வாங்குங்கள். உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது. கறுப்பு வெள்ளைப் படங்களை இருட்டறையில் ஓஎல்இடியில் பார்த்தால் நிழலுக்குள் இருக்கும் நிழலும் தெரியும். படத்துக்கு இரு பக்கமும் வரும் கறுப்புப் பட்டைகள் அறை இருட்டோடு கலந்துவிடும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் வெளிறாது, ஆகவே இருவரும் ஒரே பக்கம் நெருங்கி இருக்க வேண்டும் என்றில்லை.

கட்டிலிலிருந்து சுவர் இரண்டு மீற்றர் என்றால் 48 அல்லது 55 அங்குலம் போதும். பழைய படப் பிரதிகள் தெளிவு குறைந்தவை என்பதால் அதைவிடப் பெரிதாகப் போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும். சினிமா அமைப்பில் வையுங்கள். உத்தரவாதத்தில் திரைத் தழும்பு அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடையிலிருந்து கொண்டுவரும்போது பெட்டியை நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். வீட்டில் திறந்ததும் அங்கேயே போட்டு, முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் காட்டிப் பார்த்த பிறகுதான் பற்றுச்சீட்டில் கையெழுத்து வையுங்கள்.