பாட்டில் பிரஷ் மரத்தடியில் களை குறைவது ஏன்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பாட்டில் பிரஷ் மரத்தடியில் மட்டும் களை அதிகம் வருவதில்லை. இந்த மரத்திலிருந்துதான் களைக்கொல்லி கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பாதி உண்மை. 1977-ல் கலிஃபோர்னியாவில் இதையே கவனித்த ஒரு ஆய்வாளரால் இந்த மரத்தில் உள்ள லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள் தெரியவந்தது. அதற்குக் களையைக் கொல்லும் வீரியம் குறைவு. வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறை மாற்றி மாற்றிப் பார்த்த வழியில்தான் மெசோட்ரியோன் என்ற களைக்கொல்லி கிடைத்தது.

இந்தக் களைக்கொல்லி செடியில் உள்ள ஹெச்பிபிடி என்ற நொதியை முடக்கும். அதனால் பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமி உருவாகாது. அந்தக் கவசம் இல்லாத பச்சையம் வெயிலில் சிதையும். புதுத் தளிர் வெளுத்து வரும், பழைய இலையோ சில நாள் பச்சையாகவே நிற்கும். மக்காச்சோளப் பயிரோ தன்மேல் பட்ட இந்தக் களைக்கொல்லியை விரைவாகச் சிதைத்துவிடுவதால் தப்பிக்கிறது.

உங்கள் மரத்தடியில் வெறும் நிழலே காரணமாகவும் இருக்கலாம். மரம்தான் காரணமா என்று சோதிக்க, இரண்டு தொட்டிகளில் ஒரே மண் நிரப்பி, ஒன்றில் மட்டும் அந்த மரச் சருகைப் பொடித்துக் கலந்து, தலா 20 கீரை விதை போடுங்கள். வெயிலும் தண்ணீரும் ஒன்றாக இருக்கட்டும். சருகை மேலே பரப்பாதீர்கள். வெளிச்சம் மறைந்தாலே முளைப்பு குறையும், சோதனை கெட்டுவிடும்.