மும்பை வீடுகளில் மூட்டைப்பூச்சி: கேள்வியும் பதிலும்

சயான், தாராவி, செம்பூர், மாட்டுங்கா பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினரின் கேள்விகளுக்கு, விலங்கியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

செம்பூரிலிருந்து: அம்மா, எனக்குக் கையிலும் முதுகிலும் வரிசையாகத் தடிப்புகள் உள்ளன. அதே கட்டிலில் படுக்கும் கணவருக்கு ஒன்றுமில்லை. இது கொசுவா, மூட்டைப்பூச்சியா?

தடிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. கடி பட்டும் தோலில் எந்த அடையாளமும் தோன்றாதவர்கள் பலர் இருப்பதால், உங்கள் கணவரைக் கடிக்கவில்லை என்று கொள்ள வேண்டாம். டார்ச் விளக்குடன் மெத்தையின் தையல் ஓரங்கள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், திருகாணித் துளைகள் ஆகியவற்றைப் பாருங்கள். பேனா மையால் வைத்ததுபோன்ற கரும்புள்ளிகள், உரிந்த வெளிர்பழுப்புத் தோல்கள், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெண்ணிற முட்டைகள் தென்பட்டால் ஐயமே வேண்டாம்.

தாராவியிலிருந்து: ஊரில் பாட்டி வசம்பும் வேப்பிலையும் பாயின் கீழ் வைப்பார். நானும் வைத்தேன், கற்பூரமும் சேர்த்தேன். இரண்டு வாரம் குறைந்து, மறுபடியும் வந்துவிட்டன. அளவு போதவில்லையா?

அளவு காரணமன்று, தம்பி. வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் பூச்சியை விலக்குமே தவிர, அழிப்பதில்லை. பாயிலிருந்து விலகியது சுவர் வெடிப்புக்கும், மின்சுவிட்சுப் பலகைக்கும், உங்கள் பகுதியில் சுவரோடு சுவராக ஒட்டிய அடுத்த வீட்டுக்கும் போய், வாசனை குறைந்ததும் திரும்பி வருகிறது. நன்கு வளர்ந்த பூச்சி பல வாரங்கள், சூழலைப் பொறுத்துச் சில மாதங்கள்கூட, இரத்தமின்றிக் காத்திருக்கும். மரத்திலும் துணியிலும் பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டையை எந்த வாசனையும் அசைக்காது. வேப்பெண்ணெய் நேரடியாக மேலே பட்ட பூச்சிகளில் சிலவற்றைக் கொல்லலாம். ஒளிந்திருப்பவற்றுக்கு அது எட்டாது. பாட்டியின் வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஊரில் அதனுடன் கட்டிலை வெளியே தூக்கிப்போட்டுக் கொதிநீர் ஊற்றும் வழக்கமும் இருந்தது. வேலை செய்தது பெரும்பாலும் அந்தக் கொதிநீரே. நாம் வசம்பை நினைவில் வைத்துக்கொண்டு வெந்நீரை மறந்துவிட்டோம்.

அதே வாசகர்: அப்படியானால் வெந்நீர் மட்டும் போதுமா?

வெப்பமே இதற்கு மிக நம்பகமான இயற்கை முறை. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ளே வரை ஏறிச் சிறிது நேரம் நீடித்தால், பூச்சியும் முட்டையும் சேர்ந்தே அழியும். போர்வை, தலையணை உறை, உடைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். இரும்புக் கட்டிலானால் மூட்டுகளைக் கழற்றி, கொதிநீரை இடுக்குகளில் மெதுவாக ஊற்ற வேண்டும். மரமானால் ஊற்றியபின் நன்கு காயவிட வேண்டும். மெத்தைத் தையல்களில், துணி தாங்கும் சூட்டில், நீராவி இஸ்திரிப் பெட்டியை மிக மெதுவாக நகர்த்துங்கள். விரைந்து இழுத்தால் மேற்பரப்பு சூடாகுமே ஒழிய, உள்ளே சூடு இறங்காது.

ஒருமுறை செய்து விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முட்டைகள் ஏறத்தாழ 6 முதல் 10 நாட்களுக்குள் பொரிந்துவிடும். குஞ்சு 5 முறை தோலுரித்து, ஒவ்வொரு முறையும் இரத்தம் குடித்தே வளரும். ஆகவே வாரம் ஒருமுறை, குறைந்தது 6 வாரங்கள் இதைத் தொடருங்கள்.

சயானிலிருந்து: மெத்தையை மாடியில் வெயிலில் காயப்போட்டோம், பயனில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் வெயிலே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

திறந்தவெளியில் போட்ட மெத்தையின் மேல்பகுதி சூடானவுடன் பூச்சிகள் அடிப்பக்க நிழலுக்கு நகர்ந்துவிடும். தடித்த இலவம்பஞ்சு மெத்தையின் நடுப்பகுதி கொல்லும் சூட்டை எட்டுவதும் அரிது. வெயில் உள்ள மாதங்களில் துணிகளைக் கருநிறப் பிளாஸ்டிக் பையில் மெல்லிய அடுக்காகக் கட்டி, நாள் முழுவதும் கடும் வெயிலில் வைத்தால் ஓரளவு பலன் உண்டு. மழைக்காலத்தில் வெந்நீர்த் துவைப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் நம்புங்கள். புத்தகங்கள், சிறு பொம்மைகள் போன்றவற்றைப் பையில் மூடி, மைனஸ் 18 டிகிரியில் 4 நாட்கள் உறையவைக்கலாம். பூச்சியின் உடல் மெழுகைக் குலைத்து உலரச்செய்யும் டயட்டம் மண்ணை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அது வேலை செய்வது மெதுவாக, அதிலும் மழைக்காலத்து ஈரத்தில் இன்னும் மெதுவாக. பயன்படுத்துவதாயின் முகக்கவசம் அணிந்து இடுக்குகளில் மட்டும் மிகக் குறைவாகத் தூவுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து: கட்டில் கால்களை நீர் நிரம்பிய கிண்ணத்தில் வைப்பது உதவுமா?

உதவும். ஆனால் கட்டில் சுவரைத் தொடாமலும் விரிப்பு தரையில் தொங்காமலும் இருக்க வேண்டும். இல்லையேல் பூச்சிக்கு வேறு ஏணி கிடைத்துவிடும். நம் நாடு போன்ற வெப்ப நாடுகளில் காணப்படும் வெப்பமண்டல மூட்டைப்பூச்சி இனம் வழுவழுப்பான பரப்பிலும் ஓரளவு ஏறக்கூடியது என்பதால், வெற்றுக் கிண்ணத்தை நம்ப வேண்டாம். சோப்புக் கரைசல் அல்லது சிறிது எண்ணெய் இருக்கட்டும். வெறும் நீரைத் தேங்க விட்டால் டெங்குக் கொசு உற்பத்தியாகும். மும்பையில் அதுவும் கவலைக்குரியதே.

தாராவியிலிருந்து: மண்ணெண்ணெய் ஊற்றினால் விரைவில் தீருமே?

தயவுசெய்து வேண்டாம். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதாகச் சொல்வார்கள். மண்ணெண்ணெய் அதை உண்மையாக்கிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் நாப்தலீன் உருண்டைகளையும் தவிருங்கள்.

சயானிலிருந்து: நோய் பரப்புமா?

அன்றாட வாழ்வில் இவை மனிதர்களுக்கு நோய் பரப்புவதாக உறுதிப்படுத்தப்படவில்லை. சொறிந்த இடம் புண்ணானாலும் தடிப்பு பெரிதானாலும் மருத்துவரைப் பாருங்கள்.

செம்பூரிலிருந்து: எங்கள் வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது. எப்படி வந்திருக்கும்? பக்கத்து வீட்டாரிடம் சொல்லவே கூச்சமாக உள்ளது.

வருவதற்கு அழுக்கு தேவையில்லை. மனிதரின் உடல்சூடும் மூச்சும் போதும். ஊரிலிருந்து நீண்ட ரயில் பயணத்தில் வந்த பெட்டியிலோ, பழைய சாமான் கடையில் வாங்கிய சோபாவிலோ அவை வந்திருக்கலாம். அதனால் பயணம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிலின் மேல் வைக்காமல், குளியலறையிலேயே திறந்து, துணிகளை நேராக வெந்நீரில் போடுங்கள். கூச்சத்தால் மறைப்பதுதான் ஒரு சாலில் (வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பில்) பத்து அறைகளுக்கும் பூச்சி போவதற்கு வழிவிடுகிறது. இன்றே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமை எல்லா அறைகளிலும் கட்டில்களைக் கழற்றி வெந்நீர் ஊற்றிவிட்டு, அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதையே செய்யுங்கள்.